சந்தேகத்தின் பலன் மச்சானுக்கே

பழைய கார் வைத்திருப்பவனுக்கு ஊரில் எல்லாரும் மெக்கானிக்தான். ஜலதோஷத்துக்குக் கஷாயம் சொல்லக்கூடத் தயங்குகிற மனிதர், "பிரேக் பிடிச்சா பெடல் உதறுதுங்க" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பானெட்டைத் திறக்கச் சொல்வார். உதறுகிற சாமான் சக்கரத்தில் இருக்கிறது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

என் கார் 2003 மாடல். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த பிள்ளைக்கு இடுப்பு வலி வந்தால் பெற்றவர்களைக் கூப்பிட்டுத் திட்டுவது மரியாதை இல்லை. பதினைந்தாம் வருஷம் ஆர்.சி.யைப் புதுப்பித்து, அப்புறம் ஐந்து வருஷம் கழித்து இன்னொரு தரம் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி, கோயமுத்தூர் ரோட்டில் கௌரவமாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஏபிஎஸ் கிடையாது. இந்தக் கடைசித் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அந்த வண்டிகளில் மழை ரோட்டில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பெடல் கடகடவென்று காலைத் தட்டும். அது வேலை செய்கிறது என்று அர்த்தம். என் வண்டியில் தட்டினால் அப்படி ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லை.

தட்டவும் செய்தது. அவினாசி ரோட்டில் எழுபதில் வந்து சிக்னலுக்குப் பிரேக் பிடித்தால், பெடல் காலுக்கடியில் விடாமல் அடிக்கும். ஸ்டியரிங் இடமும் வலமுமாக ஆடும். வேகம் குறையக் குறைய அடியும் நிதானப்பட்டு, வண்டி நிற்கிற நேரத்தில் அடங்கிவிடும்.

"போன மாசந்தானே அவன் ஊட்டிக்கு எடுத்துட்டுப் போனான்?" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். "அவன்" என்பது என் மச்சான், மனைவியின் தம்பி.

வழக்கு அந்த நிமிஷமே பதிவாகிவிட்டது. பிரேக் பெடலைப் பற்றி அதுவரை ஒரு கருத்தும் இல்லாத என் மனைவி, தம்பிக்காக ஆஜரானாள். "ஏனுங்க, இருபது வருச வண்டிங்க. ஒருக்கா ஊட்டிக்குப் போயிட்டு வந்ததுல கெட்டுப்போற சாமான், அதுக்கு முன்னாடியே கெட்டுத்தான் இருந்திருக்கும்." நான் மையமாகத் தலையை ஆட்டினேன். இந்த ஆட்டம் கல்யாணமான எல்லா ஆண்களுக்கும் வரும். எந்தப் பக்கம் ஆட்டினான் என்று எந்தக் கட்சியாலும் நிரூபிக்க முடியாது.

அம்மாவின் குற்றச்சாட்டில் விஷயம் இல்லாமலும் இல்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவு. செகண்ட் கியரில் இன்ஜினைப் பிடிக்கவிட்டு இறங்க வேண்டிய பாதை. மச்சானோ, நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிற கோஷ்டி. அப்படி இறங்கினால் வண்டியைப் பிடிக்கிற மொத்த வேலையும் பிரேக்குக்குத்தான். டிஸ்க் கொதிக்கக் கொதிக்க வந்து, பர்லியாரில் மங்குஸ்தான் வாங்க நிறுத்தி, காரை விட்டு இறங்காமல் பெடலை மிதித்தபடியே கிலோ என்ன விலை என்று பேரம் பேசினால் என்ன ஆகும்? சூடான பேட் டிஸ்கில் ஒரே இடத்தில் அழுந்தி நிற்கும். பேட்டின் சரக்கு அந்த இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திட்டு வரும்போது பிடி ஒரு மாதிரி, மற்ற இடத்தில் இன்னொரு மாதிரி. பெடல் அடிக்க இது ஒரு நிஜமான காரணம்தான். அம்மாவுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. மருமகளின் தம்பி என்ற ஒரே தடயத்தை வைத்து அவர் இந்த முடிவுக்கு வந்திருந்தார்.

மச்சானைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மச்சான், நான் பிரேக்கே பிடிக்கலைங்க" என்றான். குன்னூர் மலையில் பிரேக்கே பிடிக்காமல் இறங்கியவனின் வாக்குமூலத்தை எந்தக் கோர்ட்டும் ஏற்காது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் நிபுணர் சாட்சியம் தொடங்கியது. வீல் அலைன்மென்ட் கடைக்காரர் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் போய்விட்டது என்றார். மெக்கானிக், "டிஸ்க் வளைஞ்சிருச்சுங்ணா" என்றார். லேத்துப் பட்டறைக்காரர், கழற்றிக் கொண்டுவந்தால் ரெண்டு பக்கமும் ஒரு கட் எடுத்துத் தருவதாகச் சொன்னார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டிஸ்க், பேட், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எல்லாவற்றையும் செட்டாக மாற்றிவிட்டால் கவலையே இல்லை என்றார்கள். உண்மைதான், அதற்கப்புறம் கவலைப்படக் கையில் காசு இருக்காது. அம்மா பார்த்துவிட்டு வந்த ஜோசியர், வாகனத்துக்குரிய நாலாம் இடத்தில் கேது இருக்கிறார் என்றார். எல்லாரும் அவரவர் கடையில் இருப்பதைத்தான் சொன்னார்கள். கேதுவுக்கு மட்டும் ஜிஎஸ்டி இல்லை.

சித்தப்பா வேறு வந்து சேர்ந்தார். அவரிடம் ஒரு காலத்தில் அம்பாசடர் இருந்தது. "நாலு சக்கரத்துலயும் டிரம்முப்பா. டிஸ்க்காவது மண்ணாவது. எப்ப இந்த டிஸ்க்கு வந்துதோ அப்ப புடிச்சது சனி" என்றார். எப்போது வந்தது என்று பார்த்தால், இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் போட்டது செம்புப் பேட். பிடித்தால் தெருவே காதைப் பொத்துகிற சத்தம். 1953ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் போட்ட ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் கார் உலகம் அதை மரியாதையாகப் பார்த்தது. இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. அந்த அம்பாசடரை நிறுத்த அவர் சீட்டை விட்டு எழுந்து பெடல் மேல் நின்ற காட்சி குடும்பத்தில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் சேராத ஒரே ஆள், பக்கத்து வீட்டு அண்ணன். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிற ஸ்பிண்டில்களோடு காலம் தள்ளியவர். எதையும் கழற்றச் சொல்லாமல் கேள்வி கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

"பிரேக் மிதிக்காதப்ப ஆடுதுங்களா தம்பி?"

"இல்லீங்கண்ணா. எண்பதுல போனாலும் ஆடலீங்க."

"அப்பப் பேலன்சிங் இல்ல. வேகம் குறையறப்ப அடி?"

"அதுவும் குறையுதுங்க."

"அப்பச் சுத்தற சாமான்தான். பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் சுத்தாதுங்க தம்பி."

ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பில்லில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் அடிபட்டுப் போயிற்று. வீட்டுக்குள் வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வண்டியின் 13 அங்குலச் சக்கரத்துக்கு டயரோடு சேர்த்துச் சுற்றளவு சுமார் 1.7 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பத்துத் தடவை சுற்றும். பெடலிலும் நொடிக்குப் பத்து அடி. முப்பதுக்கு வந்தால் ஐந்து. ஒரு சுற்றுக்கு ஓர் அடி, வாய்தா வாங்காமல். வீட்டில் வாக்குமூலத்தை மாற்றாத ஒரே சாட்சி இந்தப் பெடல்தான்.

அடுத்த கேள்வி முன்னாலா பின்னாலா என்பது. ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க். ஸ்டியரிங் சும்மா இருந்து பெடலும் சீட்டும் மட்டும் அதிர்ந்தால் பின் டிரம் ஓவலாகியிருக்கலாம். "எதுக்கும் ஹேண்ட் பிரேக்கை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க" என்றார் அண்ணன். ஹேண்ட் பிரேக் பின் டிரம்மை மட்டும்தான் பிடிக்கும். ஆளில்லாத ரோட்டில் நாற்பதில் போய், லீவரின் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே, மெதுவாக, மிக மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பின் சக்கரம் லாக்காகி வண்டி ரோட்டில் கோலம் போடும். பட்டனை விட்டுவிட்டால் லீவர் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆளில்லாத ரோட்டுக்குக் கோயமுத்தூரில் பஞ்சமா? சூலூர் பக்கம் போனோம். பெரிய தோரண வாயில், இரண்டு பக்கமும் சிமெண்ட் யானை, உள்ளே தார் ரோடு, தெருவிளக்கு, சறுக்குமரத்தோடு பூங்கா. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. நான் ஓட்ட, அண்ணன் பக்கத்தில். நாற்பதில் வந்து லீவரை இழுத்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு மெதுவானது. பெடலிலும் சீட்டிலும் ஒரு சலனம் இல்லை. திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தரம். அதற்குள் தோரண வாயிலடியிலிருந்து ஒரு பைக் புறப்பட்டு எங்கள் பின்னாலேயே வர ஆரம்பித்தது.

நாங்கள் மெதுவாகிற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். கையில் ஃபைல். மூன்றாவது இழுப்பில் வண்டி ஒரு முனை மனைக்கு நேராக நிற்க, ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார். "சார், கரெக்டாப் புடிச்சீங்க. கிழக்குப் பார்த்த கார்னர் சைட்டு இது ஒண்ணுதாங்க மிச்சம். டிடிசிபி அப்ரூவ்டு." அண்ணன் நிதானமாக, "பின் டிரம் ரெண்டும் நல்லா இருக்குதுங்க" என்றார். அந்த மனிதர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க சார், டிரெயினேஜ் பக்காவா பண்ணியிருக்கோம்" என்றார்.

ஆக, முன் டிஸ்க். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலிலேயே ஜாக்கி வைத்தோம். பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று பார்த்துக்கொண்டார் அண்ணன். பேரிங் ஆடினால் அதற்கப்புறம் எடுக்கிற அளவெல்லாம் பொய். சக்கரத்தைக் கழற்றி, நட்டுகளை மட்டும் வாஷர் கொடுத்துத் திரும்ப முறுக்கி டிஸ்கை ஹப்போடு இறுக்கினார். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு சின்ன மரப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே நீல வெல்வெட். அதில் டயல் கேஜ். திருமண நகையைக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு பத்திரமாக எடுத்துப் பார்த்ததில்லை.

காந்த அடியை இரும்பில் ஒட்டவைத்து, கேஜின் முனையை டிஸ்கின் விளிம்புக்குச் சற்று உள்ளே தொடவைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, டிஸ்கைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஒரு பக்கம் ஏறி, திரும்பி இறங்கியது. 0.18 மி.மீ. இவ்வளவு சின்ன டிஸ்குக்கு 0.1 மி.மீ. தாண்டுவதே அதிகம். "ஸ்பிண்டில் இந்த ஆட்டம் ஆடுனா ஷிஃப்டு பூரா நூல் அறுந்துட்டே கெடக்கும்" என்றார் அண்ணன்.

"அப்ப வளைஞ்சுதானுங்களே இருக்குது?" என்றார் அம்மா, வாசற்படியிலிருந்து.

வளைவு என்று எல்லாரும் சொல்கிறார்கள். வார்ப்பிரும்பு டிஸ்க் நிஜமாக வளைவது அபூர்வம். அண்ணன் நட்டுகளைக் கழற்றி, ரப்பர் சுத்தியலால் டிஸ்கை இரண்டு தட்டுத் தட்டி வெளியே எடுத்தார். டிஸ்க் உட்கார்கிற ஹப்பின் முகத்தில் துரு, ஒரு பக்கம் மட்டும் செதிலாகப் படிந்திருந்தது. விரல் நகத்தால் தடவினால்தான் தெரிகிற கனம். ஆனால் டிஸ்கின் விளிம்பு நடுவிலிருந்து தள்ளி இருப்பதால், ஹப்பில் இருக்கிற கோணல் அங்கே பெரிதாகிவிடும். எமரி பேப்பரால் பொறுமையாகத் தேய்த்து, துடைத்து, மாட்டி, திரும்ப அளந்தார். 0.06.

வேலை முடிந்தது என்று நான் சக்கரத்தை உருட்டினேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். மரப்பெட்டியின் கீழ்த்தட்டிலிருந்து மைக்ரோமீட்டர் வந்தது. டிஸ்கைச் சுற்றி எட்டு இடத்தில் கனத்தை அளந்து, செய்தித்தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தார். அதிகக் கனத்துக்கும் குறைந்த கனத்துக்கும் வித்தியாசம் 0.03 மி.மீ. ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவுதான் என் காலைப் போட்டு உதைத்துக்கொண்டிருந்தது. 0.02 இருந்தாலே கால் கண்டுபிடித்துவிடும். கனமான இடம் வரும்போது பேட்டைப் பின்னால் தள்ளும். பேட் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். ஆயில் அமுங்காது. குழாய் வழியாக மாஸ்டர் சிலிண்டருக்கு வந்து, அங்கிருந்து பெடலுக்கு வந்து, செருப்பைத் தாண்டி விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போகும்.

இந்த மேடு பள்ளம் வந்த விதம்தான் எனக்கு இந்த வழக்கிலேயே பிடித்த பகுதி. டிஸ்க் ஹப்பில் கோணலாக உட்கார்ந்தால் உடனே பெடல் உதறாது. பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்கின் ஒரே இடம் பேட்டை லேசாக உரசும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உரசி உரசி அந்த இடம் தேய்ந்து மெலிந்த பிறகுதான் காலுக்குத் தகவல் வரும். அதாவது குற்றம் நடந்தது பல மாதத்துக்கு முன்னால், தெரியவந்தது இப்போது, இடையில் யார் வண்டியை வாங்கிப்போனானோ அவன் தலையில் பழி.

"டயர் எப்ப மாத்துனீங்க தம்பி?" என்றார் அண்ணன்.

போன வருஷம். எந்தக் கடை என்பது இருக்கட்டும். அங்கே ஒரு பையன் ஏர் கன்னை வைத்து டர்ர்ர் என்று நட்டுகளை வரிசையாக ஏற்றிவிட்டுப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் நட்டே முழு முறுக்கில் ஏறிவிட்டால் டிஸ்க் அந்தப் பக்கமாக இழுபட்டு உட்காரும். அடுத்தடுத்த நட்டுகள் அந்தக் கோணலை அப்படியே பூட்டிவைக்கும். அடியில் துருவும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

என் மனைவி இதற்குள் காபியோடு வந்திருந்தாள். தீர்ப்பை எல்லாருக்கும் கேட்கும்படி ஒருமுறை திருப்பிச் சொன்னாள். அம்மா குனிந்து டிஸ்கைப் பார்த்தார். "அந்த நீலம் என்னங்க?" என்றார். டிஸ்கின் முகத்தில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. அளவுக்கு மீறிச் சூடான இரும்பின் நிறம். வாசலில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பஞ்சாலையில் பல தொழிற்சங்கங்களைச் சமாளித்த அனுபவம் அண்ணனுக்குக் கைகொடுத்தது. "மலையில எறங்குன வண்டின்னா லேசா இருக்குமுங்க" என்று காபியை வாங்கிக்கொண்டார். லேசா என்பதை மனைவி எடுத்துக்கொண்டாள். மலை என்பதை அம்மா எடுத்துக்கொண்டார். மச்சான் சந்தேகத்தின் பலனோடு வெளியே வந்தான். நிரபராதி என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

லேத்தில் கொடுத்து ஒரு கட் எடுக்கலாமா என்றால், டிஸ்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்கு மிக அருகில் வந்துவிட்டது அது. அதற்குக் கீழே போனால் சூட்டைத் தாங்காது. லேத்துக்காரர், "நல்ல இரும்புங்க, எறிஞ்சறாதீங்க" என்று வருத்தப்பட்டார். இரண்டு பக்கத்துக்கும் புது டிஸ்க், புது பேட். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும் என்பதில் பேரமே இல்லை. புதுப் பேட்டைப் பழக்க, அறுபதிலிருந்து பதினைந்து வரை நிதானமாகப் பிடித்து, முழுக்க நிறுத்தாமல், நடுவில் காற்றில் ஆறவிட்டு ஓட்ட வேண்டும். அதற்கும் அதே லே-அவுட்டுக்குத்தான் போனேன். கார்னர் சைட் போய்விட்டதாம். பக்கத்து சைட்டைக் காட்டினார்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெடல் உதறுவது வேறு, பெடல் இறங்குவது வேறு. மிதித்தால் மெத்தென்று உள்ளே போனால் ஆயில் கசிவோ, காற்றோ, கொதிப்போ இருக்கலாம். டாட் 3 பிரேக் ஆயில் புதிதில் 205 டிகிரி வரையாவது தாங்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து 140 டிகிரியிலேயே கொதிக்கிற நிலைக்கு வந்துவிடும். மலையில் அது நடந்தால் பெடலில் காற்றைத்தான் மிதிப்பீர்கள். அந்த வண்டியை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம். இருந்த இடத்திலேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

உதறலுக்கு வருகிறேன். டயர் கழற்றுகிற அன்று ஹப்பை எமரி பேப்பரால் ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். நட்டை முதலில் கையால் ஏற்றி, எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கச் சொல்லுங்கள். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும், சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள். டயர் கடைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு டீக்கடை இருக்கும். நாலாவது நட்டு ஏறும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.